பதினோராவது விளக்கு

அமாகாசாகி
2008 அக்டோபர் 6

குஸே ஐயாவுக்கு,

எந்த வருடம் என்று கேட்டிருந்தீர்கள். வருடம் எனக்கு எண்ணாக நிற்காது, நடந்ததை வைத்துத்தான் சொல்வேன். ஹான்ஷின் பேஸ்பால் அணி கோப்பை வாங்கி, ஒசாகாவில் ஆட்கள் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்தார்களே, அதற்கு அடுத்த வருடம். வால் நட்சத்திரம் வருகிறது என்று எங்கள் முதலாளி தாருமி தொலைநோக்கி வாங்கினார். கடைசியில் அதில் தெரிந்தது பக்கத்து டோஃபு கடைக்காரர் ஒகினோவின் கொடியில் காய்ந்த உள்ளாடைதான். அந்த வசந்தத்தில்தான் ‘உப்புக்காற்று’ கார் பந்தய இயந்திரம் எங்கள் கேம் கடைக்கு வந்தது. நவம்பரில் ஓஷிமாத் தீவில் மலை வெடித்து, தீவு முழுவதையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். தொலைக்காட்சியில் அந்தக் கப்பல்களைக் காட்டிய நாலாம் நாள் மத்தியானம், பன்னிரண்டே காலுக்கு மேல், கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மினோ சிகுசா அந்த ஓட்டத்தை ஓட்டினாள். நாலு நிமிடம் முப்பத்தொரு விநாடி. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எண் எனக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் எழுதப்போகிற சிறு புத்தகத்தைப் பற்றிப் பக்கத்து முடிதிருத்தும் கடை இசோபே அம்மா வாசித்துச் சொன்னார். என் கண்ணாடி உடைந்திருக்கிறது. ‘உப்புக்காற்று’ ஆட்டத்தை, வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடுகிற புதிய பெட்டிக்கு மறுபடி கொண்டுவருகிறார்கள், பழைய பெட்டி ஒவ்வொன்றிலும் அது எப்படி மாறியது என்று ஒப்பிட்டு எழுதுகிறீர்கள், சரி. அதில் ‘பொய்ச் சாதனை’ என்று ஒரு பக்கம் எதற்கு? நவம்பர் பத்தாம் தேதி அச்சுக்குப் போனால் அந்தப் பெண்ணின் பெயர் அப்படியே நின்றுவிடும்.

சாதனை நேரங்களை வெளியிடும் பத்திரிகைக்கு அனுப்பிய சீட்டைக் கடைக்காரர் எழுத வேண்டும் என்பது விதி, ஆனால் அது அவள் கையெழுத்தில் இருக்கிறது, ஏன் என்று கேட்கிறீர்கள். அன்றைக்கு என் கையெல்லாம் எண்ணெய். “நீயே எழுதும்மா, நான் முத்திரை போடறேன்” என்றேன். அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்தச் சாலையில் மூன்றாவது வளைவு தாண்டிச் சுரங்கம் வரும். அதில் பதினொரு விளக்குகள். ஆகஸ்டு முதல் பையன்கள் “இது மனுசன் ஓட்டற ரோடா” என்று அந்த இயந்திரத்தை விட்டே ஓடிவிட்டார்கள். அவள் ஒருத்திதான் தினமும் ஒரு நாணயத்தோடு வந்து உட்காருவாள்.

ஹமுரோ தொகுசாபுரோ


நகோயா
2008 அக்டோபர் 11

மதிப்புக்குரிய ஹமுரோ அவர்களுக்கு,

விரைவில் பதில் எழுதியதற்கு நன்றி. ஆனால் நீங்கள் சொன்ன ஒரு விவரமே உங்களுக்கு எதிராக நிற்கிறது.

கடைகளில் ஓடிய மூல ஆட்டத்தின் சர்க்யூட் போர்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் சுரங்கத்தில் பதினான்கு விளக்குகள். 1990இல் கறுப்புப் பெட்டிக்கு வந்த பதிப்பில் வானத்தின் நிறம் மங்கல், இன்ஜின் ஓசை கொசு மாதிரி, ஆனாலும் பதினான்கு. 1996இல் சாம்பல் பெட்டிக்கு வந்ததில் கடல் அலையடிக்கிறது, மூலத்தில் இல்லாத கடற்பறவைகள் கூடப் பறக்கின்றன, அதிலும் பதினான்கு. மூன்றிலும் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நான்கு நிமிடம் முப்பத்தெட்டு விநாடிக்குக் கீழே எவராலும் போக முடியாது. வண்டியின் உச்ச வேகமே அதற்கு இடம் தராது. அந்த முப்பத்தெட்டு நான் ஓட்டியது. அதை நான் சொல்லாமல் மறைப்பது முறையல்ல.

1988இல் வந்த சிவப்பு வெள்ளைப் பெட்டிப் பதிப்பை மட்டும் இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை. அது எல்லாவற்றிலும் மட்டமானது. சாலை அட்டையில் வெட்டி ஒட்டியது போல இருக்கும்.

எண்ணெய்க் கையால் முத்திரை போட முடிந்தது, எழுத முடியவில்லை என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. சீட்டில் ஒரு எண்ணெய்க் கறைகூட இல்லை. வேறு சான்று இல்லாவிட்டால் அந்தப் பக்கம் அப்படியே அச்சாகும்.

குஸே தெருஹிகோ


அமாகாசாகி
2008 அக்டோபர் 15

குஸே ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டாவது தடவை இசோபே அம்மாவுக்கே கோபம் வந்துவிட்டது. “இந்த ஆளு முடி வெட்டிக்க வந்தா நான் காதையும் சேர்த்து வெட்டுவேன், எழுதிக்கட்டுமா?” என்றார். எழுதுங்கள் என்றேன். எழுதியிருக்கிறார்.

நான் பிறந்தது படகில். அஜி ஆற்றில் சரக்குப் படகு எங்களுடையது. மூடுபனியில் படகு போகும்போது அப்பா கேட்பார்: “எத்தனாவது பாலம்டா?” தப்பாகச் சொன்னால் துடுப்பால் ஒன்று விழும். ஆகவே எண்ணுவதில் எனக்குத் தப்பு வராது. பதினொன்று என்றால் பதினொன்று.

அந்த மத்தியானத்தைச் சொல்கிறேன். அவள் தொழிற்சாலை ஏப்ரனோடு வந்தாள், தோளில் நூல் துணுக்குகள். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வெறுங்காலால்தான் மிதிப்பாள். முதலாளி தாருமி, டோஃபு ஒகினோ, தபால்காரர் ஹிரானுமா, அவளோடு வேலை பார்த்த முரமோத்தோ அக்கா, நான், எல்லாரும் சுற்றி நின்றோம்.

“சிகுசா, சோறு ஆறுது. வந்து தின்னுடி” என்றாள் முரமோத்தோ.

“நாலு நிமிஷம் பொறுக்க மாட்டியா?”

“நேத்தும் நாலு நிமிஷம்னுதான் சொன்னே. ஃபோர்மேன்கிட்ட நான்தான் திட்டு வாங்கினேன்.”

“டோஃபு மாமா, உங்க ஒரு துண்டை அவ வாயில வைங்க.”

ஒகினோ சிரித்தார். சுரங்கத்துக்குள் எதிரே லாரிகள் வரிசையாக வந்தன. அவள் ஒரு இடத்திலும் காலை எடுக்கவில்லை. வெளியே வந்தபோது முதலாளி தன் கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். சாதனைப் பட்டியலில் அவள் மூன்று எழுத்து போட்டாள். ஒரு கொக்கி, ஒரு ஏணி, ஒரு கம்பம். இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

இனி நீங்கள் மட்டம் என்று ஒதுக்கிய சிவப்பு வெள்ளைப் பெட்டி. அது இசோபே அம்மா கடையில், காத்திருக்கிறவர்களுக்காக, இன்னும் தொலைக்காட்சியோடு இணைத்தே இருக்கிறது. அதில் செருகி ஆடுகிற பழைய ஆட்ட வில்லைகளோடு ‘உப்புக்காற்று’ம் இருக்கிறது. நேற்று ஒரு வாடிக்கையாளரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று எண்ணினேன். பாதி முகத்தில் நுரையோடு அவர் மூன்று தடவை ஓட்டினார், பாவம். சாலை அட்டைதான், ஒத்துக்கொள்கிறேன். கடல் நீலச் சாயத்தில் தோய்த்த துணி மாதிரி இருக்கிறது. ஆனால் சுரங்கத்தில் விளக்கு பதினொன்று.

நீங்களும் எண்ணிப் பாருங்கள்.

ஹமுரோ தொகுசாபுரோ


நகோயா
2008 அக்டோபர் 20

மதிப்புக்குரிய ஹமுரோ அவர்களுக்கு,

எண்ணினேன். பதினொன்று.

இத்தனை காலமும் அதை இடம் போதாமல் குறைத்தது என்றே எல்லாரும் எழுதி வந்தோம். நானும்தான். அந்தப் பதிப்பைச் செய்தவர்களில் ஒருவர் ஓய்வு பெற்று கானாஸாவாவில் இருக்கிறார். தொலைபேசியில் கேட்டேன். “நாங்க குறைக்கல. எங்களுக்குக் குடுத்த போர்டுல பதினொன்னுதான் இருந்துச்சு” என்றார். மேலும் விசாரித்ததில் தெரிந்தது இது: போர்டில் எட்டு சிறு சுவிட்சுகள் இருக்கின்றன. எட்டாவதை மேலே தள்ளினால் சோதனைக்காக வைத்த வேறொரு சாலை வரும். சுரங்கம் குறுகும், லாரிகள் இரட்டிப்பாகும், வண்டிக்கு உச்ச வேகம் என்று ஒன்று இருக்காது. அவர்கள் அந்தச் சாலையைப் பார்த்தே நகலெடுத்துவிட்டார்கள். வேகமும் லாரிகளும் மட்டும் சிறிய பெட்டியில் அடங்கவில்லை.

ஆகவே கேட்கிறேன். உங்கள் இயந்திரத்தின் எட்டாவது சுவிட்சை யார் தொட்டது? மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் தாளில், எட்டாவதைத் தொடக்கூடாது என்று சிவப்பில் பெரிதாக எழுதியிருக்கும். தெரியாமல் தொட வழியில்லை. அந்தப் பெண் கேட்டு நீங்கள் தள்ளிவிட்டிருந்தால், அது சேர்ந்து செய்த மோசடி. அப்படித்தான் எழுத வேண்டிவரும்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. உங்கள் கடிதங்கள் எல்லாமே இசோபே அம்மாவின் கையெழுத்தில் வருகின்றன. கண்ணாடி உடைந்தால் வாசிக்க முடியாது, சரி. இரண்டு வாரமாகவா கண்ணாடி வாங்கவில்லை?

குஸே தெருஹிகோ


அமாகாசாகி
2008 அக்டோபர் 23

குஸே ஐயாவுக்கு,

இனி எனக்கு எழுத வேண்டாம். எனக்கு எழுபத்தெட்டு வயது. செத்துப்போன இயந்திரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஹமுரோ


அமாகாசாகி
2008 அக்டோபர் 30

குஸே ஐயாவுக்கு,

போன கடிதத்தை எழுதி முடித்த பிறகு இசோபே அம்மா பேனாவை மூடவில்லை. “ஹமுரோ-சான், பதினாறு வருஷமா உங்களுக்கு வர்ற மின்சாரச் சீட்டைக்கூட நான்தான் வாசிக்கிறேன். கண்ணாடி கதையை என்கிட்ட ஏன் சொல்றீங்க?” என்றார். பிறகு, “அந்தப் பொண்ணு பேரு அச்சாகப் போகுது. உங்க பேரு இல்ல” என்றார். ஒரு வாரம் அவர் கடைப் பக்கம் போகவில்லை. இன்று போய் உட்கார்ந்தேன். நான் சொல்வதை ஒரு சொல் மாற்றாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படகு ஒரு துறையில் நிற்காது, பள்ளிக்கூடம் நகராது. எண் மட்டும் மூட்டை எண்ணிக் கற்றுக்கொண்டது. அறுபது வருடம் இதை மறைத்தே பிழைத்தேன். கையில் எண்ணெய், கண்ணில் தூசி, கண்ணாடி வீட்டில்.

ஆகஸ்டில் வெக்கை தாங்காமல் டோஃபு ஒகினோ ஜன்னலைத் திறந்து வைத்தார். “உன் கார் சத்தத்துல என் டோஃபு எல்லாம் நடுங்குதுய்யா” என்று வந்து கத்தினார். சத்தத்தைக் குறைக்க மூடியைத் திறந்தேன். உள்ளே சிவப்பு எழுத்துத் தாள் இருந்தது. எனக்கு அது சிவப்புக் கோடு. சுவிட்சுகளில் ஒன்றுதான் சத்தத்துக்கு இருக்கும் என்று கடைசியில் இருந்ததைத் தள்ளினேன். சத்தம் குறையவில்லை. ஒலிபெருக்கியில் பழந்துணியை அடைத்துவிட்டு மூடினேன். சுவிட்சைத் திரும்பத் தள்ள வேண்டும் என்றே தோன்றவில்லை. அவளுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. முன்னே சுலபமாக இருந்த சாலை ஒரே நாளில் பேயாக மாறிவிட்டது என்று பையன்கள் ஓடினார்கள். அவள் ஓடவில்லை. நாலு மாதம் அந்தப் பேய்ச் சாலையில் பழகித்தான் அந்த நேரத்தை ஓட்டினாள். சீட்டை அவளை எழுதச் சொன்னதும் எண்ணெயால் அல்ல.

வருடக் கடைசியில் இயந்திரக் கம்பெனி ஆள் சுத்தம் பார்க்க வந்தார். மூடியைத் திறந்தவர், “எட்டை யாருப்பா தொட்டது?” என்று தானே சரிசெய்தார். நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

இனி சொல்வதுதான் கஷ்டம்.

பிப்ரவரியில் வெளியூர்ப் பையன்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவனிடம் மஞ்சள் பை, வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி. நாள் முழுக்க ஓட்டினான். முடியவில்லை. போகும்போது என்னிடம் பசை நாடா கேட்டான். கொடுத்தேன். இயந்திரத்தின் தலையில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனான். நல்ல பெரிய எழுத்து. தூரத்து ஊரிலிருந்து வந்து வாழ்த்து எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் மத்தியானம் ஹீட்டர் காற்றில் அதன் ஒரு மூலை பிய்ந்து ஆடியது. நான் நாற்காலி போட்டு ஏறி அந்த மூலையை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்போது சிகுசா உள்ளே வந்தாள். நான் திரும்பிச் சிரித்தேன்.

“நல்லா இருக்குல்ல?” என்று கேட்டேன்.

அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையில் இருந்த நாணயத்தை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கடை வாசலை மிதிக்கவில்லை.

மூன்று நாள் அந்தத் தாள் இருந்தது. முதலாளி ஊரிலிருந்து வந்து கிழித்தெறிந்தார். “யோவ், பொய்க்காரின்னு எழுதியிருக்கான், நீ அதுக்குக் காவல் நிக்கிறியா? கண்ணு அவிஞ்சு போச்சா?” என்றார். கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்று சொன்னேன்.

அன்றே அவள் தொழிற்சாலை வாசலுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாசல் வரை இரண்டு தடவை போனேன். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் சொல்வதைவிட, அவள் பொய்க்காரியாக இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. இதை எழுதும்போது இசோபே அம்மா என்னைப் பார்க்கவில்லை.

ஐயா, நகோயாவிலிருந்து வந்ததாக அந்த மஞ்சள் பைக்காரன் சொன்னான். முப்பத்தெட்டு விநாடி தன்னுடையது என்றும் சொன்னான். அது நீங்கள்தான் என்று, முப்பத்தெட்டைப் பற்றி எழுதிய கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கேட்கவில்லை. நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன், தம்பி.

ஹமுரோ தொகுசாபுரோ


நகோயா
2008 நவம்பர் 2

ஹமுரோ அவர்களுக்கு,

அந்தத் தாளை எழுதியவன் நான்தான். அப்போது எனக்குப் பதினெட்டு. உங்கள் சிரிப்பு எனக்கும் நினைவிருக்கிறது. பசை நாடாவைக் கொடுத்துவிட்டு, ரயிலில் தின்னச் சொல்லி இரண்டு மாண்டரின் பழமும் கொடுத்தீர்கள். மோசடிக்காரர்கள் எவ்வளவு துணிச்சலாகச் சிரிக்கிறார்கள் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போனோம். பழத்தையும் தின்றோம்.

என் போர்டில் எட்டாவதை மேலே தள்ளினேன். போன பத்து நாளாக வேறு வேலை செய்யவில்லை. வேகம் கூடியதால் சுலபம் என்று நினைத்தேன். அந்தச் சுரங்கத்தில் வண்டியை உயிரோடு வெளியே கொண்டுவரவே ஆறு நாள் பிடித்தது. என் மிகச் சிறந்த நேரம் நான்கு நிமிடம் நாற்பத்து நான்கு. மினோ அவர்களைவிடப் பதின்மூன்று விநாடி பின்னால். ஒவ்வொரு தடவையும் சுரங்கத்தின் கடைசியில் ஒரு லாரி எங்கிருந்தோ முளைக்கிறது. பிரேக் போடாமல் அதைத் தாண்ட எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கத்தை மாற்றி எழுத விரும்புகிறேன். ஆனால் வெளியிடும் கம்பெனியில் விதி கண்டிப்பு. முத்திரை போட்டவரின் சொல் மட்டும் போதாது என்கிறார்கள், அதுவும் இத்தனை வருடம் கழித்து. அன்று அங்கே நின்றவர்களில் வேறு யாராவது உயிரோடு இருக்கிறார்களா? பத்தாம் தேதிக்கு முன் அவர்கள் பெயர் எனக்குத் தெரிய வேண்டும்.

மன்னிப்பு என்ற சொல்லை உங்களிடம் எழுதுவதில் பொருளில்லை. அது போக வேண்டிய இடம் வேறு.

குஸே தெருஹிகோ


அமாகாசாகி
2008 நவம்பர் 6

தம்பி குஸேவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. புதன்கிழமை ரயில் ஏறினேன். ஸ்டேஷன் பெயர்ப் பலகை எனக்குப் பயன்படாது, நிறுத்தங்களை எண்ணிக்கொண்டே போனேன். சிகுசா சகாய் ஊரில் கான்கிரீட் கலவை லாரி ஓட்டுகிறாள் என்று எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். ஒரு தடவை எங்கள் தெரு வேலைக்கே அவள் லாரி வந்தது. நான் கொல்லைப்புறமாகப் போய்விட்டேன்.

லாரி நிறுத்தும் முற்றத்தில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். உடனே கண்டுகொண்டாள்.

“நீங்களா? இன்னும் சாகலையா?”

“இன்னும் இல்லம்மா.”

“என்ன வேணும்? லோடு ஏத்தியாச்சு, கெட்டியாயிடும். சீக்கிரம் சொல்லுங்க.”

“எனக்கு வாசிக்கத் தெரியாது.”

“என்ன?”

“அன்னிக்கு அந்தத் தாள்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. வாழ்த்துன்னு நினைச்சேன்.”

லாரியின் பெரிய உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து ஒருவர் “மினோ, கிளம்பலையா?” என்று கத்தினார். “வாய மூடுய்யா, வரேன்” என்று திருப்பிக் கத்தினாள்.

“அந்தச் சிரிப்புக்கு இருபத்திரண்டு வருஷமா நான் என்னென்னவோ அர்த்தம் பண்ணி வச்சிருந்தேன்” என்றாள் பிறகு. “இது ஒண்ணுதான் தோணல.”

சுவிட்சைச் சொன்னேன். உன்னையும் சொன்னேன், தாளை எழுதியது நீ என்பதையும். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் மறைத்தது போதும். பதினொரு விளக்கைச் சொன்னபோது சட்டென்று நிமிர்ந்தாள்.

“பதினொன்னு நிக்கும். எரியறது பத்துதான்.”

“பதினொன்னும்மா. நான் எண்ணினேன்.”

“நீங்க பின்னாடி நின்னு கம்பத்த எண்ணினீங்க. நான் ஓட்டினேன். பதினோராவது விளக்கு எரியாது. அந்த இருட்டுக்குள்ளதான் லாரி நிக்கும், கண்ணுக்குத் தெரியாது. பத்தாவது வெளிச்சம் பானெட்ல விழுந்ததும் வலது பக்கம் ஒடிக்கணும். லாரியத் தேடினீங்கன்னா செத்தீங்க. அந்த ஆளுகிட்டச் சொல்லுங்க, அவரு இன்னும் தேடிக்கிட்டு இருப்பாரு.”

சொல்லிவிட்டேன். உன் போர்டில் ஓட்டிப் பார். அவள் சொல்வது பொய்யானால் அந்தப் பக்கத்தை முன்பு எழுதியபடியே போட்டுக்கொள்.

“மன்னிப்பு கேட்க அவன் வரட்டுமா?” என்றேன். “ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. வரதுன்னா அந்த போர்டைத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க, எட்டாவது சுவிட்ச மேல தள்ளி. சும்மா குனிஞ்சு வணங்கிட்டுப் போறதுன்னா நகோயாவிலேயே வணங்கிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். லாரியிலும் செருப்பைக் கழற்றித்தான் வைக்கிறாள்.

இந்தக் கடிதத்தின் கீழே கடை முத்திரை இருக்கும். பதின்மூன்று வருடம் முன் வந்த பூகம்பத்தில் கடை விழுந்தபோது இடிபாட்டிலிருந்து நான் எடுத்தது அது ஒன்றுதான். இந்தத் தடவை எழுதியது என்ன என்று தெரிந்து போடுகிறேன்.

நீ கேட்ட பெயர்கள். அன்று மத்தியானம் அந்த இயந்திரத்தருகே இருந்தவர்கள், என்னையும் சேர்த்து ஆறு பேர். முதலாளி தாருமி, பூகம்பத்தில் கடையோடு போனார். கையுறைத் தொழிற்சாலை முரமோத்தோ, அதே விடியலில், இரண்டு தெரு தள்ளி. தபால்காரர் ஹிரானுமா, ஓய்வு பெற்ற மறு வருடம், ஈரல். டோஃபு ஒகினோ போன வசந்தத்தில், தொண்ணூற்றொரு வயது, கடைசி வரை என் சத்தத்தைப் பற்றித்தான் குறை சொன்னார். என்னைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் உயிரோடு இருப்பது ஒருவர்தான். பெயரைப் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்று இசோபே அம்மாவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

மினோ சிகுசா.